ஃபிளாஷ் பையிலேயே இருக்கட்டும்: கேனான் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸோடு ஒரு முழுக் கல்யாணம்

கல்யாணப் படம் எடுக்கத் தொடங்குகிற பலர் கையில் இருப்பது கேனான் 200டி மாதிரி ஒரு சின்ன பாடி (லென்ஸ் மாட்டாத கேமரா), பெட்டியோடு வந்த 18-55 கிட் லென்ஸ், அவ்வளவுதான். கொஞ்சம் காசு சேர்ந்ததும் சிலர் பெரிய பாடிக்குப் போகிறார்கள், சிலர் ஃபிளாஷ் வாங்குகிறார்கள். இரண்டுக்கும் முன்னால் வாங்க வேண்டியது கேனான் இஎஃப் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம். பகல் முகூர்த்தமாக இருந்து, மண்டபத்தில் நல்ல ஜன்னலோ வீட்டில் திறந்த வாசலோ இருந்தால், இந்த ஒரு லென்ஸ் கல்யாணத்தின் முக்கால்வாசியை முடித்துக் கொடுத்துவிடும். மீதிக் கால்வாசியில் அது கையை விரிக்கும். அது எந்த இடங்களில் என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம், ஏனென்றால் அதைத் தெரியாமல் போய் நிற்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இது 2015-ல் வந்த லென்ஸ். எடை 160 கிராம். பாடியில் பொருந்தும் மவுண்ட் உலோகம், வெளிச்சம் நுழையும் துவாரத்தைத் திறந்து மூடும் பிளேடு 7, 49 எம்எம் ஃபில்டர், 35 செ.மீ. வரை கிட்டே போகலாம். இதற்கு முன்னால் 1990-லிருந்து விற்ற 50 எம்எம் 1.8 இரண்டாம் பதிப்பு இன்னும் பழைய பொருள் கடைகளில் கிடைக்கிறது. விலை குறைவு என்று அதை எடுக்க வேண்டாம். அதன் மவுண்ட் பிளாஸ்டிக். பிளேடு 5 மட்டுமே, அதனால் கொஞ்சம் மூடியதும் பின்னால் தொங்கும் சீரியல் லைட்டெல்லாம் ஐந்து மூலைப் புள்ளிகளாக விழும். புதியதில் அதே விளக்குகள் உருண்டையாக நிற்கும். கல்யாண வீட்டில் சீரியல் லைட் இல்லாத பேக்ரவுண்ட் கிடைப்பது அபூர்வம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

கிட் லென்ஸையும் 50-க்குத் திருப்பலாமே, அப்புறம் இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் விடும். கிட் லென்ஸ் அந்த இடத்தில் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 5.6-க்கும் 1.8-க்கும் நடுவில் உள்ள வெளிச்ச வித்தியாசம் கிட்டத்தட்ட 10 மடங்கு. மணமகள் அறையில் கிட் லென்ஸ் ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்வு அளவு) 6400-க்கு ஏற்றக் கேட்கிறது என்றால் இது 640-ல் அதே படத்தை எடுக்கும். 6400-ல் பட்டுப் புடவையின் நெசவு மணல் கொட்டியது போல ஆகிவிடும். 640-ல் இழை இழையாகத் தெரியும்.

ஃபிளாஷ் ஏன் வேண்டாம் என்கிறோம்? கேமராவின் தலையிலிருந்து நேராக அடிக்கிற ஃபிளாஷ் முகத்தின் மேடுபள்ளத்தைத் தட்டையாக்கும், நெற்றி வியர்வையைக் கண்ணாடியாக மின்ன வைக்கும், ஜரிகையை வெள்ளைக் கோடாக எரித்துவிடும். எல்லாவற்றையும் விட மோசம், ஓமப் புகை. புகைக்கு முன்னால் நின்று ஃபிளாஷ் அடித்தால் வெளிச்சம் புகையில் பட்டுத் திரும்பும். மணமக்கள் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள். பக்கத்து ஜன்னலிலிருந்து வரும் வெளிச்சத்தில் அதே புகை சுருள் சுருளாக எழும்புவதைப் படத்தில் பிடிக்கலாம். ஓமம் வளர்க்கிற கல்யாணத்துக்கு இயற்கை வெளிச்சம் பொருந்துகிற மாதிரி வேறு எதுவும் பொருந்தாது.

எத்தனை அடி தள்ளி நிற்பது

200டி மாதிரி சின்ன சென்சார் பாடியில் இந்த லென்ஸ், முழு அளவு சென்சாரில் 80 எம்எம் லென்ஸ் காட்டும் பார்வையைக் கொடுக்கும். கண்ணுக்குத் தெரிவதை விட நெருக்கமாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்கிவிட்டு, எல்லாம் பெரிதாகத் தெரிகிறது, லென்ஸ் சரியில்லை என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. தூரக் கணக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டால் அந்தக் குழப்பம் வராது.

2 மீட்டரில் நின்றால் கட்டத்துக்குள் சுமார் 90 செ.மீ. அகலம் அடங்கும், அதாவது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு முகம். 3 மீட்டரில் 1.3 மீட்டர் அகலம். மணவறையில் உட்கார்ந்த இருவரும் மடியில் இருக்கும் கையோடு சேர்ந்து வருவார்கள். நிற்கிற ஜோடியைத் தலை முதல் கால் வரை எடுக்க கேமராவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு 4.25 மீட்டர் பின்னால் போக வேண்டும். பத்து பேர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிற குடும்பப் படத்துக்கு 10 மீட்டர் வேண்டும். எந்த மண்டபத்திலும் அந்தப் பத்து மீட்டருக்குள் நாற்பது பேர் குறுக்கே நடப்பார்கள்.

அதனால் குரூப் படத்துக்கு இது உதவாது. அதற்கு கேனானின் இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8 எஸ்டிஎம் இருக்கிறது. 125 கிராம் எடை, சட்டைப் பையில் போடுகிற தடிமன். அதே பத்து பேர் 5 மீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால் கிட் லென்ஸே போதும். குரூப் படத்துக்கு எப்படியும் எஃப் 5.6 வைத்தால்தான் இரண்டு வரிசையும் ஷார்ப்பாக வரும், அகலத் திறக்கும் லென்ஸால் அங்கே லாபம் இல்லை. ஓரத்தில் நிற்பவர் பருத்துத் தெரியாமல் இருக்க இரண்டு பக்கமும் ஓர் ஆள் அகலம் காலி விட்டு எடுங்கள்.

நிகான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டி3000, டி5000 வரிசை பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அதனால் விலை குறைந்த பழைய 50 எம்எம் 1.8டி அதில் தானாக ஃபோகஸ் ஆகாது. அவர்கள் டிஎக்ஸ் 35 எம்எம் எஃப் 1.8ஜி வாங்குவது நல்லது. மணமேடை நெருக்கத்துக்கு 50-ஐ விட அந்த 35 இன்னும் கைக்கு வாகானது என்றுகூடச் சொல்லலாம்.

மணமகள் அறை

இந்த லென்ஸின் அருமை தெரிவது இங்கேதான். அறைக்குள் போனதும் செய்ய வேண்டிய முதல் காரியம், டியூப் லைட்டையும் கண்ணாடியைச் சுற்றி எரிகிற பல்புகளையும் அணைக்கச் சொல்வது. ஜன்னல் வெளிச்சம் நீலம் சார்ந்தது, பல்பு மஞ்சள். இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் இன்னொரு கன்னம் மஞ்சளாகவும் வரும். பிறகு எந்த மென்பொருளில் சரிசெய்தாலும் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும். அலங்காரம் செய்கிறவர் விளக்கை அணைக்க ஒத்துக்கொள்ள மாட்டார், அது நியாயம்தான். மேக்கப் முடிந்த பிறகு பத்து நிமிடம் கேளுங்கள்.

மணப்பெண்ணை ஜன்னலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, ஜன்னலுக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் சாய்ந்த மாதிரி உட்கார வையுங்கள். ஜன்னலை ஒட்டி உட்கார வைத்தால் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருட்டாகும். தள்ளத் தள்ள வெளிச்சம் குறையும், ஆனால் இரண்டு பக்கமும் சமமாகும். மறுபக்கத்து நிழலைத் தூக்க ரிஃப்ளெக்டர் வாங்கத் தேவையில்லை. 2 அடிக்கு 3 அடி தெர்மாகோல் அட்டை போதும். அதுவும் இல்லையென்றால் ஒரு சுத்தமான வெள்ளை வேட்டியை நான்காக மடித்து நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, முகத்திலிருந்து 2 அடி தூரத்தில் நிறுத்துங்கள். சந்தன நிற வேட்டியோ அகலக் கரை போட்டதோ வேண்டாம், அந்த நிறம் அப்படியே தாடையில் ஏறும். கடையில் விற்கிற ஐந்து முக ரிஃப்ளெக்டரில் தங்க நிறப் பக்கத்தையும் தவிர்க்கலாம். மஞ்சள் பூசிய முகமும் தங்க நகையும் ஏற்கெனவே பொன்னிறத்தில்தான் இருக்கின்றன.

எஃப் 2.2, ஷட்டர் 1/200 நொடி, ஐஎஸ்ஓ 400-ல் தொடங்கிப் பாருங்கள். ஃபோகஸ் கேமராவுக்குக் கிட்டே இருக்கும் கண்ணில். ஒன்றரை மீட்டரில் 1.8 வைத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 6 செ.மீ.தான். ஒரு கண் ஷார்ப்பாக இருந்து, முகம் திரும்பியிருந்தால் மறு கண்ணும் மூக்குத்தியும் கரைந்துவிடும். அகலமாகத் திறக்கும் என்பதற்காக எப்போதும் திறந்தே வைத்திருப்பதுதான் இந்த லென்ஸ் வாங்கியவர்கள் செய்கிற முதல் தவறு.

சடை அலங்காரத்தை மறக்காதீர்கள். முதுகுப் பக்கம் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும்படி நிற்கச் சொன்னால் வெளிச்சம் சடையின் மேல் சறுக்கிக்கொண்டு போகும். மல்லிகை மொட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் மெல்லிய சாம்பல் நிழல். ஜடைபில்லையின் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எழும்பும், குஞ்சலத்தின் பட்டு நூல் எண்ணுகிற மாதிரி இருக்கும். இதை எஃப் 4-ல் எடுங்கள்.

தாலி, மெட்டி, மருதாணிக் கை போன்ற கிட்டப் படங்களுக்கு 35 செ.மீ. வரை போகலாம் என்றோம். அந்தத் தூரத்தில் கட்டத்தின் அகலம் பத்தரை செ.மீ. உள்ளங்கை ஒன்று முழுதாக நிரப்பிவிடும். ஆனால் அங்கே 1.8 வைத்தால் தெளிவின் ஆழம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. தாலியின் ஒரு விளிம்பு மட்டும் தெரியும், மஞ்சள் கயிறு கலங்கல். எஃப் 8 வையுங்கள், 8 மில்லிமீட்டர் கிடைக்கும். தாம்பாளத்தை ஜன்னல் திண்டிலேயே வைத்து, கேமராவை ஏதாவது ஒன்றின் மேல் ஊன்றி எடுத்தால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியதில்லை.

மணவறையில்

முதல் நாளே மண்டபத்தை அதே நேரத்தில் போய்ப் பார்ப்பது பாதி வேலை. மணமக்களைக் கிழக்கு முகமாக உட்கார வைப்பது வழக்கம் என்பதால், வீட்டு வாசலிலோ முற்றத்திலோ நடக்கிற காலை முகூர்த்தத்தில் வெளிச்சம் தானாகவே முகத்தில் விழும். அந்தக் காலத்து ஏற்பாட்டில் படம் எடுப்பவருக்கும் ஒரு வரம் இருக்கிறது. ஆனால் நேர் எதிரே நின்றால் உங்கள் நிழலே அவர்கள் மேல் விழும். 45 பாகை பக்கமாக விலகி உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் ஐயரின் முதுகும்தான் வரும்.

செட்டிநாட்டு வீடுகள் மாதிரி நடு முற்றம் உள்ள வீடு கிடைத்தால் முற்றத்துக்குள் வெயிலில் வைக்காமல், சுற்றுத் தாழ்வாரத்தில் தூண் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். மேலே திறந்த வானம் ஒரு பெரிய ஜன்னல் வேலை செய்யும், கீழே ஆத்தங்குடிக் கல் அந்த வெளிச்சத்தைத் தாடைக்கு அடியில் திருப்பிக் கொடுக்கும். கோயில் கல்யாணத்திலும் இதே கணக்குதான். பிராகாரத்து ஓரத் தூணுக்கு ஒரு தூண் உள்ளே தள்ளி நிறுத்தினால் முகத்தில் மென்மையான வெளிச்சமும் பின்னால் கல்மண்டபத்து இருட்டும் கிடைக்கும். எந்த இடம் வரை கேமராவுக்கு அனுமதி என்பதை மட்டும் முன்னாடியே கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சன்னதிக்குள் பொதுவாகக் கிடையாது.

பந்தல் என்றால் கவனம் வேண்டும். தென்னங்கீற்றுப் பந்தலில் ஓட்டை வழியாக விழும் வெயில் முகத்தில் காசு காசாக வெள்ளைப் புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியைப் பார்த்து அளந்தால் மற்ற முகமெல்லாம் கறுக்கும். மேலே ஒரு வெள்ளைத் துணி கட்டச் சொல்வதே வழி. நிறத் துணி வேண்டாம். பச்சை ஷாமியானாவுக்கு அடியில் எல்லோரும் பச்சையாகத்தான் இருப்பார்கள். வேறு வழியில்லையென்றால் வெறும் வெள்ளைத் தாளை மணமக்கள் உட்காரும் இடத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து, எது வெள்ளை என்று கேமராவுக்குத் தெரிய, அதைக் கஸ்டம் ஒயிட் பேலன்ஸாகக் கொடுங்கள்.

மூடிய மண்டபத்தில் தலைவலி கொடுப்பவை மேடை மேல் சுழலும் ஊதா, நீல எல்இடி விளக்குகள். ஊதா விழுந்த தோலை எந்தத் திருத்தமும் மீட்காது, அந்த இடத்தில் மற்ற நிறங்களின் தகவலே இருக்காது. முகூர்த்த நேரத்துக்கு மட்டும் அவற்றை அணைக்கும்படி டெக்கரேஷன்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். வீடியோ எடுப்பவரோடும் பேச வேண்டும். அவருக்கு வெளிச்சம் வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் அவருடைய லைட் ஜன்னல் இருக்கும் அதே பக்கத்தில் நின்றால் இருவருக்கும் படம் நன்றாக வரும். எதிர்ப்பக்கம் நின்றால் மூக்குக்கு இரண்டு நிழல் விழும்.

இனி தாலி கட்டும் அந்தச் சில நொடி. 3 மீட்டர் தூரம், எஃப் 2.8, 1/250. இந்த அமைப்பில் தெளிவின் ஆழம் சுமார் 38 செ.மீ. மாப்பிள்ளையின் கை, தாலி, இரண்டு முகம் எல்லாம் அதற்குள் அடங்கும். 1.8 வைத்தால் 25 செ.மீ.தான், யாராவது ஒருவர் வெளியே போய்விடுவார். ஐஎஸ்ஓவைப் பத்து நிமிடம் முன்னாலேயே பெண்ணின் கன்னத்தைப் பார்த்து அளந்து, கையால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் 800-க்கும் 1600-க்கும் நடுவில் நிற்கும். ஆட்டோவில் விட்டால் வெள்ளை வேட்டி கட்டியவர் ஒருவர் கட்டத்துக்குள் நுழைந்ததும் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும்.

அப்போதே ஒரு சோதனைப் படமும் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1/250-ல் படத்தின் குறுக்கே மங்கலான பட்டை விழுந்தால் அதுதான் காரணம். 1/100-க்கு இறக்கினால் பட்டை போய்விடும். கை கொஞ்சம் அசைந்து தெரியும், பரவாயில்லை.

ஃபோகஸ்தான் இங்கே படத்தைக் கெடுக்கும். கெட்டிமேளம் கொட்டியதும் நாலு பக்கமிருந்தும் அட்சதை விழும், கைகள் குறுக்கே நீளும். ஷட்டரை அழுத்தும்போதெல்லாம் ஃபோகஸ் தேடினால் லென்ஸ் அரிசியையும் மாமாவின் மணிக்கட்டையும்தான் பிடிக்கும். 200டி-யின் கஸ்டம் ஃபங்ஷனில் நட்சத்திரப் பொத்தானுக்கு ஃபோகஸை மாற்றும் வசதி இருக்கிறது. அதைச் செய்துவிட்டு, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்ததும் நடுப்புள்ளியை அதன் மேல் வைத்து ஒருமுறை பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஷட்டர் படம் மட்டும் எடுக்கும், ஃபோகஸைத் தொடாது. நடுப்புள்ளியைச் சொல்லக் காரணம், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் உள்ள 9 புள்ளிகளில் அது ஒன்றுதான் கிடைக்கோடு, நெடுங்கோடு இரண்டையும் பிடிக்கிற குறுக்கு வகை. மங்கிய வெளிச்சத்தில் மற்ற எட்டும் தடுமாறும்.

விரலை எடுக்காமல் அழுத்தவும் வேண்டாம். இந்தப் பாடி நொடிக்கு 5 படம் எடுக்கும், ஆனால் ரா-வில் (கேமரா ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே சேமிக்கும் கோப்பு) இரண்டு நொடிக்குள் பஃபர் என்கிற தற்காலிக நினைவகம் நிரம்பித் திக்கும். முதல் முடிச்சுக்கு இரண்டு, பெண்ணின் முகம் நிமிரும்போது இரண்டு, நாத்தனார் பின்னால் முடிச்சுப் போடும்போது இரண்டு என்று விட்டுவிட்டு எடுங்கள். கார்டு இடம் ஒன்றே ஒன்று என்பதால் முகூர்த்தம் முடிந்ததும் கார்டை மாற்றிப் பழையதை உள்பையில் வைத்துவிடுங்கள். ஒரே கார்டில் முழுக் கல்யாணத்தையும் வைத்துக்கொண்டு திரிவது ஆபத்து.

நிறமும் வெளிச்ச அளவும்

அரக்குச் சிவப்புக் கூறைப் புடவையில் கேமரா ஏமாறும். மொத்த வெளிச்சம் சரி என்று காட்டும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்போது புடவையில் மடிப்பே தெரியாது, ஒரே சிவப்புப் பூச்சு. எடுத்த படத்தைத் திரும்பப் பார்க்கும்போது மூன்று நிற ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவு வரைபடம்) போட்டுச் சிவப்பு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ குறையுங்கள். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி. ஜேபெக்கில் எடுப்பவர்கள் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால் இன்னும் தப்பிக்கலாம். ஜரிகையும் நகையும் எரிந்து மினுக்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். நெற்றியும் மூக்கு நுனியும் மினுக்கக் கூடாது. தோலின் நிறத்தை உள்ளபடி காட்டுவதுதான் கணக்கு, வெளுப்பாகக் காட்டுவது இல்லை. வெளிச்சத்தைக் கூட்டி வெளுப்பாக்குகிற பழக்கத்தில் மாநிறத்தின் மெருகு முழுதாகப் போய்விடுகிறது. ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மெருகு எவ்வளவு அழகு என்பதை ஒருமுறை பார்த்தவர் மறுபடி அதைத் தொடமாட்டார்.

சர்ச் கல்யாணத்தில் எதிர்க் கதை. வெள்ளைப் புடவை, பல இடங்களில் பீடத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல். அங்கே கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும், ஒரு ஸ்டாப் கூட்டியே ஆக வேண்டும்.

வாசலில் உச்சி வெயிலில் எடுக்கும்போது 1.8 வேலைக்கே ஆகாது. ஐஎஸ்ஓ 100-ல் அந்த வெயிலுக்கு 1/8000 வேண்டும், 200டி 1/4000-த்தோடு நின்றுவிடும். எஃப் 2.8-க்கு மூடினால் 1/3200 போதும். அதை விட நல்லது, வேப்பமர நிழலிலோ போர்ட்டிகோவின் விளிம்பிலோ வெளியைப் பார்த்து நிறுத்துவது.

லென்ஸின் குறைகள்

ஷேக் தடுக்கும் வசதி இல்லை. அசையாமல் நிற்கிறவருக்கே 1/80-க்குக் கீழே போகக் கூடாது, கல்யாண வீட்டில் யாரும் அசையாமல் நிற்பதில்லை, ஆகவே 1/160-ஐ அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். விளக்குத் துடிப்புக்கும் விடியற்கால முகூர்த்தத்துக்கும் மட்டும் அதற்குக் கொஞ்சம் கீழே இறங்கலாம். 1.8-ல் எதிர் வெளிச்சத்தில் ஜரிகை, வெள்ளிச் சொம்பின் விளிம்புகளில் ஊதாக் கோடு விழும், படம் கொஞ்சம் பால் கலந்த மாதிரி இருக்கும். 2.5-க்கு மூடினாலே பெருமளவு குறையும். லென்ஸ் முகப்பில் மாட்டும் ஹூட் பெட்டியோடு வராது, இஎஸ்-68 என்று தனியாக வாங்க வேண்டும். வாங்குங்கள், எதிர் வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை. ஃபோகஸ் ஆகும்போது இந்த லென்ஸின் முன்குழாய் வெளியே நீளும், நெரிசலில் அதன் மேல் இடி பட்டால் உள்ளே உள்ள பல்சக்கரத்துக்குத்தான் அடி. ஹூட் அந்த இடியை வாங்கிக்கொள்ளும்.

கையால் திருப்பும் ஃபோகஸ் வளையமும் மின்சாரத்தில்தான் வேலை செய்கிறது. கேமரா தூங்கிவிட்டால் வளையத்தைத் திருப்பினாலும் ஒன்றும் நடக்காது. வீடியோ எடுத்தால் மோட்டார் சத்தம் உள் மைக்கில் கேட்கும்.

இன்னொன்று, வாங்கிய அன்றே சோதிக்க வேண்டியது. செய்தித்தாளை மேசையில் விரித்து, 45 பாகை சாய்வில் ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு வரியை நடுப்புள்ளியால் பிடித்து 1.8-ல் ஐந்து படம் எடுங்கள். அதையே, பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் திரையைத் தொட்டு ஐந்து படம். லைவ் வியூவில் அந்த வரி ஷார்ப்பாக வந்து, வியூஃபைண்டரில் மட்டும் தொடர்ந்து முன்னாலோ பின்னாலோ விழுந்தால் பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். 200டி-யில் அதைத் திருத்தும் மெனு கிடையாது. சர்வீஸுக்குக் கொடுக்கலாம். இல்லையென்றால் மணமகள் அறை மாதிரி நிதானமான இடங்களில் லைவ் வியூவிலும், மணவறையில் எஃப் 2.8-லும் எடுத்தால் அந்தப் பிசகு தெரியாது.

எங்கே கையை விரிக்கும்

காலை நாலரை, ஐந்து மணி முகூர்த்தத்துக்கு இயற்கை வெளிச்சம் என்ற பேச்சே இல்லை. சூரியன் உதிக்க ஆறு, ஆறரை ஆகும். மண்டப விளக்கில் எஃப் 2, 1/125, ஐஎஸ்ஓ 3200 வரை இந்த லென்ஸ் தாங்கும், படம் கிடைக்கும், ஆனால் வெளிச்சத்தின் தரம் விளக்குப் போட்டவர் கையில். மாலை ரிசப்ஷனும் அப்படியே. பின்னால் எல்இடி திரை, முன்னால் பரிசு கொடுக்க வரிசை. அங்கே ஒரு ஃபிளாஷை எடுத்து வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புவதுதான் சரி. அந்த வேலையை ஒத்துக்கொள்ளும்போதே ஃபிளாஷ் வாடகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்திக்கு அந்த 24 எம்எம் லென்ஸ் போதும். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் வாழை இலை வெள்ளையாகப் பளபளக்கும், ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

பழையது வாங்குகிறவர்கள் பின்மூடியைக் கழற்றி, செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் காட்டி மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கடலோர ஊர்களில் இது அதிகம். முன்குழாயை விரலால் லேசாக ஆட்டினால் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்து நின்றாலோ 35 செ.மீ. வரை ஃபோகஸ் போய் வரும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ ஏற்கெனவே விழுந்த லென்ஸ். புதியதோ பழையதோ, அடுத்த பாடி கேனானின் மிரர்லெஸ் ஆர் வரிசையாக இருந்தாலும் அடாப்டர் போட்டு இதையே பயன்படுத்தலாம்.

ஓமம் உள்ள கல்யாணத்துக்குப் போகும்போது 49 எம்எம் யூவி ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். நெய்ப் புகை கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படியும், அது படிந்தது தெரியாமல் மதியம் வரை எடுத்த படமெல்லாம் மங்கலாக இருக்கும். முகூர்த்தம் முடிந்ததும் ஊதுபந்தால் குங்குமத் தூளையும் அட்சதை மஞ்சளையும் முதலில் ஊதிவிட்டு, அப்புறம் துணியில் லென்ஸ் திரவம் ஒரு சொட்டு விட்டு நடுவிலிருந்து வெளியே துடையுங்கள். வேட்டி நுனியால் துடைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் தூள் கோடு போடும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் காட்டும் வகை வாங்கினால், நிறம் மாறியதும் ஈரம் ஏறிவிட்டது என்று தெரிந்துவிடும். அப்போது பொட்டலத்தை மாற்றிவிடலாம்.